டை வெட்டும் முன் பவுடர்: செராமிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குக்கு எந்த அலுமினா?

பிளாஸ்டிக் மோல்டிங் ஓடும் ஷெட்டிலேயே ஒரு ஓரமாக செராமிக் மோல்டிங்கும் ஆரம்பிக்கலாமா என்று வியாசர்பாடி, மாதவரம், மணலி பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்கும்போது, பேச்சு பெரும்பாலும் மெஷின் விலையில் தொடங்குகிறது. அடுத்து டை, அதாவது பீஸை வார்க்கும் அச்சு. டிக் வெல்டிங் நாசில், நூற்பாலை மெஷினில் நூல் ஓடும் கைடு, பம்ப் புஷ், ஹீட்டர் டெர்மினல் என்று எதைச் செய்யப் போகிறார்களோ அதன் டிராயிங்கைக் காட்டுகிறார்கள். மூலப்பொருளான அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பவுடர் பற்றிய பேச்சு டையை வெட்டக் கொடுத்த பிறகுதான் வரும். "அலுமினாதானே, மலிவா கிடைக்கிற இடத்துல வாங்கிக்கலாம்" என்பதோடு அது முடிந்தும்விடும். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பவுடரை முதலில் முடிவு செய்ய வேண்டும், டை கடைசியில் வர வேண்டும்.

ஏன் என்பதற்குச் சுருக்கக் கணக்கு ஒன்றே போதும். பிளாஸ்டிக்கில் சுருக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம். செராமிக்கில் நீளவாக்கில் 15 முதல் 20 சதவீதம் வரை போகும். டைக்குள் போகும் கலவையில் கன அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் பவுடர். மிச்சம், பைண்டர் எனப்படும் மெழுகும் பாலிமரும். அவை வெளியேறிய பிறகு துகள்கள் உலைச் சூட்டில் ஒன்றோடொன்று இறுகி, காலியிடத்தை மூடிக்கொள்கின்றன. கலவையில் 57 சதவீதம் பவுடர் இருந்து, சுட்டபின் 98 சதவீத அடர்த்தி வந்தால் சுருக்கம் 16.5 சதவீதம். 50 சதவீதம்தான் ஏறுகிறது என்றால் சுருக்கம் 20 சதவீதம். சுட்டபின் 20 மில்லிமீட்டர் வேண்டிய பீஸுக்கு முதல் கலவையில் டையை 23.96 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும், இரண்டாவதில் 25.03க்கு. ஒரு பவுடருக்கு வெட்டிய டையில் வேறு பவுடரை ஓட்டினால் அளவு நிற்காது. பவுடரை மாற்றாமலே, ஏற்றம் (கலவையில் பவுடரின் கன அளவுச் சதவீதம்) 57இலிருந்து 56க்கு இறங்கினாலும் அதே பீஸ் 19.88 ஆக வரும். புஷ்ஷுக்கு அது ரிஜெக்ட்.

எத்தனை சதவீதம் ஏறும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு பவுடருக்குத்தான். மெஷினுக்கும் ஆபரேட்டருக்கும் அதில் பங்கு குறைவு.

கடையில் கிடைப்பவை

முதலில் ஒதுக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடசென்னைக்காரர்களுக்குச் சாணைச் சரக்கு பழக்கமானது. கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலையே திருவொற்றியூரில்தான் இருக்கிறது. சாணைக்கும் பாலிஷுக்கும் விற்கும் உருக்கிய அலுமினாவும் வேதியியல்படி அலுமினாதான். அதனால் "இதையே நைசா அரைச்சு ஊத்தினா என்ன" என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. அது மின்வில் உலையில் உருக்கி, உறைந்த பாறையை உடைத்துச் சலித்த சரக்கு. துகள் பெரிது, விளிம்பு கூர்மை. 1600 டிகிரியில் வைத்தாலும் தானாக இறுகாது. ஊற்றும்போது மெஷினின் ஸ்க்ரூவையும் பேரலையும் தின்றுவிடும். சாணைக்கு அந்தக் கூர்மைதான் உயிர், இங்கே அது வேண்டாம்.

மிச்சமிருக்கும் நிஜமான தேர்வுகள் மூன்று. முதலாவது, அரைத்த கால்சைன்ட் (அதிகச் சூட்டில் வறுத்த) அலுமினா. சராசரித் துகள் 2 முதல் 4 மைக்ரான், மேற்பரப்பு கிராமுக்கு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். ஹிண்டால்கோவின் பெலகாவி ஆலை உள்பட நம் நாட்டிலேயே தயாராகிறது. களிமண், டால்க் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்து 92 முதல் 96 சதவீத அலுமினாப் பொருள்களாகச் சுடுவதற்கு இதுதான் வழக்கமான சரக்கு. இரண்டாவது, ரியாக்டிவ் அலுமினா என்று விற்கப்படுவது. அரை மைக்ரான் அளவு, கிராமுக்கு 7 சதுர மீட்டர் அளவில் மேற்பரப்பு, தூய்மை 99.7, 99.8 சதவீதம். மூன்றாவது, 99.99 சதவீதத் தூய்மையுள்ள மிக நுண்ணிய அலுமினா. துகள் 0.1 முதல் 0.2 மைக்ரான், மேற்பரப்பு கிராமுக்கு 14 சதுர மீட்டர் வரை. பெயர் பெற்ற ரகங்கள் ஜப்பானிலிருந்து வருகின்றன. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடும்.

விலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டால், "நுண்ணியது எதுவோ அதுதான் நல்லது" என்று செராமிக் படித்தவர்கள் பலரும் சொல்வார்கள். பிரஸ்ஸில் அழுத்திச் செய்யும் பொருளுக்கு அது ஓரளவு சரி. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் அந்தப் பதில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

மேற்பரப்புதான் முதலில் பார்க்க வேண்டிய எண்

பவுடர் வாங்கும்போது எல்லோரும் கேட்பது "எத்தனை மைக்ரான்?" என்ற ஒரே கேள்வி. லாட் சர்ட்டிஃபிகேட்டில் அதற்குப் பக்கத்திலேயே மேற்பரப்பு என்று ஓர் எண் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கிராமுக்கு 7 சதுர மீட்டர் என்றால் ஒரு கிலோ பவுடரில் 7000 சதுர மீட்டர். நம் ஊர் மனைக் கணக்கில் முப்பத்தோரு கிரவுண்டு. மூன்றாவது ரகத்தில் அறுபதைத் தாண்டும். முதலாவதில் நாலரை. இத்தனை பரப்பையும் பைண்டர் நனைத்தாக வேண்டும். நனையாத இடத்தில் துகளும் துகளும் நேரடியாக ஒட்டிக் கட்டியாகும்.

நனைப்பதற்குத்தான் ஸ்டியரிக் ஆசிட் சேர்க்கிறோம். அதன் அமிலத் தலை அலுமினாவின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு வால் மெழுகுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மூலக்கூறு நெருக்கமாக நின்றால் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 0.2 சதுர நானோமீட்டர். இதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டரை ஓரடுக்காக மூட 2.4 மில்லிகிராம் வேண்டும். முதல் ரகப் பவுடர் ஒரு கிலோவுக்கு இரண்டரை கிராமுக்குள், இரண்டாவதுக்குப் பதினாறு பதினேழு கிராம், மூன்றாவதுக்கு முப்பத்து மூன்று கிராம். இது மேல் வரம்பு, நடைமுறையில் இதற்குக் குறைவாகவே போதும். ஆனால் விகிதம் இதுதான். பழைய பவுடருக்குப் போட்ட அதே ஒரு சதவீதம் ஸ்டியரிக் ஆசிட்டைப் புது நுண் பவுடருக்கும் போட்டுவிட்டு, "கலவை மாவா இறங்க மாட்டேங்குது" என்று மிக்ஸரைக் குறை சொல்வதை நிறையப் பார்க்கலாம்.

இந்த அடுக்கு இடத்தையும் அடைக்கும். நீட்டி நின்ற ஸ்டியரிக் ஆசிட் மூலக்கூறின் நீளம் சுமார் 2.5 நானோமீட்டர். துகளைச் சுற்றி அந்தத் தடிமனுக்கு ஓர் உறை போட்டது போல் எடுத்துக்கொண்டால், முதல் ரகத்தில் பவுடரின் கன அளவு ஒரு சதவீதம்தான் கூடும். இரண்டாவதில் 7 சதவீதம், மூன்றாவதில் 14 சதவீதம். மூன்று பவுடரும் ஒரே மாதிரி நெருங்கி அடையக்கூடியவை என்றும், அதிகபட்ச ஏற்றம் 63 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். உறையைக் கணக்கில் சேர்த்தால் இரண்டாவது ரகத்தின் உச்சவரம்பு 59க்கு இறங்கும், மூன்றாவது 55க்கு. நுண் பவுடர் ஏன் கலவையில் ஏற மறுக்கிறது என்பதற்குப் பெரும் காரணம் இதுதான்.

உச்சவரம்பை ஒட்டி ஓட்டவும் முடியாது. துகள் கலந்த திரவத்தின் பாகுத்தன்மைக்குக் கிரீகரும் டோஹர்ட்டியும் 1959இல் தந்த சமன்பாட்டில் 63 சதவீதத்தை உச்சமாகப் போட்டுப் பாருங்கள். 55 சதவீத ஏற்றத்தில் கலவையின் பாகுத்தன்மை வெறும் பைண்டரைப்போல் 26 மடங்கு. 58இல் 54 மடங்கு. 60இல் 120. 62இல் 680 மடங்கு. கடைசி இரண்டு சதவீதத்தில் சுவர் மாதிரி ஏறுகிறது. அங்கே ஓட்டினால் மிக்ஸிங்கில் வரும் சின்ன ஏற்ற இறக்கம்கூட ஒரு ஷாட் நிறையாமலும் அடுத்த ஷாட் பிசிறு அடித்தும் காட்டும். அதனால் உச்சத்திலிருந்து மூன்று நான்கு சதவீதம் கீழேதான் நிற்க வேண்டும். முதல் ரகம் 59, 60. இரண்டாவது 55, 56. மூன்றாவது 51, 52. சுருக்கக் கணக்கு உடனே மாறிவிடுகிறது, டை அளவும் அதோடு மாறுகிறது.

துகள் அளவின் பரவல் இந்த உச்சவரம்பைக் கொஞ்சம் மேலே தள்ளும். ஒரே அளவு உருண்டைகளைக் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீத இடத்துக்கு மேல் நிறையாது. பெரியதும் சிறியதும் கலந்திருந்தால், கான்கிரீட்டில் ஜல்லிக்கு நடுவே மணல் போய் உட்கார்வதைப்போல், சின்னத் துகள் இடுக்கை நிரப்பும். அளவு வித்தியாசம் ஏழு மடங்காவது இருந்து, பெரியது எழுபது பங்கு, சிறியது முப்பது பங்கு என்ற பக்கம் போனால் நல்ல பலன். மூன்று மைக்ரான் கால்சைன்டும் அரை மைக்ரானுக்குச் சற்றுக் குறைந்த ரியாக்டிவும் இதற்குப் பொருத்தமான ஜோடி. ஒரு தடை உண்டு. சுடும்போது சின்னத் துகள் சுருங்கப் பார்க்கும், பெரியவை எலும்புக்கூடாக நின்று தடுக்கும். கண்ணாடிப் படலம் உருகி இழுக்கும் 96 சதவீதப் பொருளில் இது பெரிய விஷயமில்லை. 99 சதவீதத்துக்கு மேல் போகும் பொருளில் அடர்த்தி குறையும்.

மெஷினும் இங்கே பேசுகிறது. பாரஃபின் மெழுகை மட்டும் பைண்டராக வைத்து, காற்றழுத்தத்தில் 60 முதல் 100 டிகிரி சூட்டில் ஊற்றும் குறைந்த அழுத்த மெஷின்கள் விலை குறைவு, டையும் மலிவு. தொடங்குபவருக்கு நல்ல வழி. மெழுகுக்கும் அலைய வேண்டாம், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையே பாரஃபின் மெழுகு தயாரிக்கிறது. ஆனால் அந்த மெஷினில் அழுத்தம் சில பார்தான். கலவை கஞ்சி மாதிரி ஓட வேண்டும். மூன்றாவது ரகப் பவுடரில் அந்தப் பதம் வேண்டுமானால் ஏற்றத்தை ஐம்பதுக்கும் கீழே இறக்க வேண்டியிருக்கும். முதல் ரகமோ, முதலும் இரண்டாவதும் கலந்ததோதான் அங்கே எளிதாக ஓடும். அதிக அழுத்த ஸ்க்ரூ மெஷின் என்றால் இரண்டாவது ரகம் தாராளமாக ஓடும், மூன்றாவதையும் ஓட்டிவிடலாம்.

உலை எத்தனை டிகிரி போகும்?

இரண்டாவது கேள்வி இது. நுண் பவுடருக்கு ஆதரவாகப் பேசும் ஒரே பெரிய காரணமும் இங்கேதான் இருக்கிறது. துகள் சிறிதானால் இறுகும் வேகம் அளவின் மூன்றாம், நான்காம் மடியில் ஏறுகிறது. அதனால் மூன்றாவது ரகம் 1300 முதல் 1400 டிகிரிக்குள் முழு அடர்த்திக்கு வந்துவிடும். இரண்டாவது ரகத்துக்கு 1550 முதல் 1600 டிகிரி வேண்டும். மெக்னீசியம் ஆக்சைடு 0.05 முதல் 0.1 சதவீதம் சேர்த்தால் மணிகள் (சுட்ட பொருளுக்குள் இருக்கும் படிகங்கள்) தாறுமாறாகப் பெரிதாகாமல் இருக்கும். முதல் ரகத்தைத் தனியாக வைத்தால் 1700ஐத் தொட்டாலும் சரியாக இறுகாது. கண்ணாடியாக உருகும் சேர்மானம் போட்டு 96 சதவீதப் பொருளாக்கினால் 1600ஐ ஒட்டி வரும், 92 ஆக்கினால் இன்னும் கொஞ்சம் கீழே.

சிறு பட்டறைகளில் அதிகம் இருப்பது சிலிக்கான் கார்பைடு ராடு போட்ட மின் உலை. அதை அன்றாடம் 1450க்கு மேல் ஓட்டினால் ராடு சீக்கிரம் போகும். 1600க்கு மேல் வேண்டுமென்றால் மாலிப்டினம் டைசிலிசைடு எலிமென்ட் உலை. அதன் விலை, மூன்றாவது ரகப் பவுடரை வாங்கலாமா என்ற கேள்வியை வேறு விதமாகப் பார்க்க வைக்கும். மாதத்துக்குச் சில கிலோ, சிறு சிறு பீஸ்கள்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், இருக்கும் உலையிலேயே விலையுயர்ந்த பவுடரைச் சுடுவது புது உலை வாங்குவதைவிட லாபமாக இருக்கலாம். டன் கணக்கில் ஓட்டப் போகிறவருக்கு இது பொருந்தாது.

இன்னொரு பாதையும் உண்டு. மாங்கனீஸ் ஆக்சைடும் டைட்டேனியம் ஆக்சைடும் சேர்த்தால் அலுமினாவை 1400 டிகிரிக்கும் கீழே இறுக வைக்கலாம் என்று கட்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1957இலேயே காட்டினார்கள். நிறம் அடர்ந்துவிடும், மின்காப்புக் குணம் குறையும். பம்ப் புஷ், நூல் கைடு போன்றவற்றுக்கு அது தடையில்லை. ஹீட்டர் டெர்மினலுக்கு வேண்டாம். மின்காப்பு முக்கியமென்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: சோடா எத்தனை? பாக்சைட்டிலிருந்து பேயர் முறையில் எடுக்கும் சாதாரண அலுமினாவில் சோடியம் ஆக்சைடு 0.3 முதல் 0.5 சதவீதம் இருக்கும். லோ சோடா ரகத்தில் 0.1க்குக் கீழ். இரண்டும் ஒரே மாதிரி மூட்டையில், ஒரே வெள்ளையில்தான் வரும்.

சுவர் எத்தனை மில்லி?

மூன்றாவது கேள்வி. நுண் பவுடரில் ஆசைப்பட்டு இறங்குபவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊற்றிய பீஸிலிருந்து மெழுகை வெளியே எடுப்பதுதான் இந்தத் தொழிலில் நீளமான, ஆபத்தான கட்டம். சூட்டில் ஆவியாகும் பைண்டர் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்வழிகளில் வெளியே வர வேண்டும். அந்த வழியில் ஊடுருவல் துகள் அளவின் இருமடியைப் பொறுத்தது. அரை மைக்ரானிலிருந்து கால் மைக்ரானுக்குப் போனால் ஊடுருவல் நாலில் ஒன்றாகும். பீஸின் தடிமனும் இருமடியில்தான் வேலை செய்கிறது. மூன்று மில்லி சுவருக்கு ஆகும் நேரத்தைப்போல் ஆறு மில்லி சுவருக்கு நாலு மடங்கு. இரண்டையும் சேர்த்து யோசித்தால், பத்து மில்லி தடிமனுள்ள புஷ்ஷை 0.15 மைக்ரான் பவுடரில் செய்ய நினைப்பது எவ்வளவு தவறு என்று புரியும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் மேலே கொப்புளம், உள்ளே விரிசல். உள் விரிசல் சுட்ட பிறகுதான் தெரியும், சில நேரம் வாடிக்கையாளரின் பம்பில்தான் தெரியும்.

குறைந்த அழுத்த முறையில் பீஸை அலுமினாப் பவுடருக்குள் புதைத்துச் சூடேற்றி, உருகும் மெழுகை அந்தப் படுக்கை உறிஞ்சும்படி செய்வார்கள். உறிஞ்ச வேண்டுமானால் படுக்கையின் இடுக்குகள் பீஸின் இடுக்குகளைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பீஸே 0.15 மைக்ரான் பவுடரில் செய்தது என்றால் அதைவிட நுண்ணிய படுக்கைக்கு எங்கே போவது? மெழுகு பீஸிலேயே தங்கிவிடும். முதல் ரகப் பவுடருக்கு இந்த முறை அருமையாக வேலை செய்யும். படுக்கைக்கு ரியாக்டிவ் அலுமினாவைப் போட்டால் போதும்.

நேரம் என்பது நம் பகுதியில் கரண்டும்கூட. மணிக்கு மூன்று, ஐந்து டிகிரி என்று நாள்கணக்கில் ஏற்றும் டீபைண்டிங் (மெழுகெடுப்பு) நடுவில் கரண்ட் போனால், மெழுகு உருகிய நிலையில் பீஸ் தளர்ந்து உட்கார்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது நினைவிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டீபைண்டிங் நேரம் குறைவாக இருக்கும் பவுடரும் வடிவமும் வைத்திருப்பது பெரிய நிம்மதி. பவுடர் மூட்டைகளைத் தரையில் வைக்கவே வேண்டாம். எண்ணூர், காத்திவாக்கம் கடல்காற்றில் நுண் பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் பிடித்த மேற்பரப்பில் ஸ்டியரிக் ஆசிட் சரியாக உட்காராது, மோல்டிங்கில் குமிழும் வரும். மிக்ஸருக்குப் போகும் முன் 120 முதல் 150 டிகிரியில் காய வைத்து, சூட்டோடு கலக்க வேண்டும். மூன்றாவது ரகத்துக்கு இது கட்டாயம். முதல் ரகத்தில் விட்டுவிட்டாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வடிவமும் கட்டியும்

துகள் உருண்டையாக இருந்தால் நன்றாக ஓடும், நெருங்கி அடையும். ஆனால் மெழுகு போன பிறகு பீஸைத் தாங்கிப் பிடிக்க உருண்டைத் துகள்களுக்குப் பிடிமானம் குறைவு, நீட்டமான பீஸ் தன் எடையிலேயே வளையும். தட்டையான துகள் ஓடும் திசையில் படுத்துக்கொள்ளும், அதனால் நீளத்தில் ஒரு சுருக்கமும் குறுக்கே வேறு சுருக்கமும் வரும், வட்டம் முட்டையாகும். அதிகச் சூட்டில் கால்சைன் செய்த அலுமினாவில் தட்டைப் படிகங்கள் இருக்கும், நன்றாக அரைத்தது என்றால் பிரச்சினை குறையும். நடுத்தரமான, சற்றுக் கோணலான துகள்தான் வேலைக்கு ஆகும்.

வடிவத்தைவிட நான் பயப்படுவது கட்டிக்கு. நுண் பவுடர் எதுவும் தனித்தனித் துகளாக மூட்டையில் இருப்பதில்லை. மென்கட்டி என்றால் சிக்மா மிக்ஸரிலும் ரோலிலும் உடைந்துவிடும். கால்சைன் செய்யும்போதே ஒட்டிக்கொண்ட வன்கட்டி உடையாது. அது தன்னளவில் வேறு வேகத்தில் சுருங்கி, தன்னைச் சுற்றி ஒரு பிளவை விட்டுவிடும். கட்டிக்குள் பைண்டர் போய்ச் சிக்கிக்கொள்வதால் ஏற்றமும் குறையும். அலுமினா உருண்டை போட்ட பால் மில்லில், ஸ்டியரிக் ஆசிட்டைக் கரைப்பானில் சேர்த்து ஓரிரவு அரைத்தால் பெரும்பகுதி சரியாகும். இரும்பு உருண்டை வேண்டவே வேண்டாம், சுட்டபின் பீஸில் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி விழும். அதே புள்ளி மெஷின் பேரல் தேய்வதாலும் வரும். பழைய பிளாஸ்டிக் மெஷினின் ஸ்க்ரூவை அப்படியே வைத்துக்கொண்டு அலுமினா ஓட்டும் பட்டறையில் இன்னும் சுடாத பச்சைப் பீஸிலேயே சாம்பல் கோடு தெரியும்.

பிரஸ்ஸுக்காகக் குருணையாக்கி விற்கும் பவுடரை மோல்டிங்குக்கு வாங்கிவிடாதீர்கள். கையில் எடுத்தால் மணல் மாதிரி அழகாக ஓடும், தூசி பறக்காது. அதில் வேறொரு பைண்டர் ஏற்கெனவே இருக்கும், குருணையும் மிக்ஸரில் முழுசாக உடையாது. சிர்கோனியாவுக்குப் போகும்போதும் இதே எச்சரிக்கை. ஜப்பானின் டோசோ நிறுவனம் விற்கும், மூன்று மோல் சதவீதம் இட்ரியா சேர்த்த சிர்கோனியா ரகங்களிலேயே கிராமுக்கு 16 சதுர மீட்டர் பக்கம் ஒன்றும், 7 பக்கம் ஒன்றும் உண்டு. இரண்டாவதுதான் மோல்டிங்குக்கு ஏற்றது.

ரெடிமேட் கலவை வாங்கினால்?

பவுடரும் பைண்டரும் கலந்து, பிளாஸ்டிக் குருணை மாதிரியே வரும் ஃபீட்ஸ்டாக் ஜெர்மனியிலிருந்து கிடைக்கிறது. பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் கேட்டாமோல்டு, இன்மாடெக் நிறுவனத்தின் கலவை இரண்டும் தெரிந்த பெயர்கள். லாட்டுக்கு லாட் ஒரே சுருக்கம் என்பது பெரிய வரம், பவுடர் தலைவலி முழுக்க வேறொருவருடையது. விலை அதிகம் என்பதோடு, கேட்டாமோல்டின் பாலிஅசிட்டால் பைண்டரை எடுக்க நைட்ரிக் ஆசிட் ஆவி ஓடும் தனி அடுப்பும், வெளியேறும் வாயுவை எரிக்கும் ஏற்பாடும் வேண்டும். வீடுகளுக்கு நடுவே இருக்கும் பட்டறையில் அதை வைக்க நான் யாரையும் ஊக்குவிக்க மாட்டேன். மணலி, எண்ணூர் மக்கள் ஏற்கெனவே சுவாசிப்பது போதும். தண்ணீரிலோ சூட்டிலோ நீங்கும் பைண்டர் உள்ள ரகம் என்றால் யோசிக்கலாம். புது டை ஒன்று சரியாக நிறைகிறதா என்று பார்க்கவும், சொந்தக் கலவையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு சிறு மூட்டை வாங்கி வைப்பது நல்ல முதலீடு.

யாருக்கு எது

டிக் வெல்டிங் நாசில் செய்யப் போகிறவர் முதல் ரகத்தில் ரியாக்டிவைக் கலந்து, 96 சதவீதப் பொருளாக, குறைந்த அழுத்த மெஷினில் ஊற்றலாம். சுவர் மெலிது, அளவுக் கண்டிப்பு குறைவு, 99.99 தூய்மைக்கு அங்கே வேலையே இல்லை. 1600 டிகிரி உலை மட்டும் வேண்டும். இல்லையென்றால் ஜாப் ஒர்க்கில் சுடக் கொடுக்க வேண்டும்.

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நூல் கைடு அனுப்ப நினைப்பவருக்கு இரண்டாவது ரகம். நூல் உரசும் இடத்தில் மணி பெரிதாகி உதிர்ந்தால் நூல் அறும், அதனால் நுண்ணிய மணி அமைப்பு தேவை. பெரும்பாலான கைடுகளின் தடிமன் சில மில்லிதான், மெழுகு சிரமமில்லாமல் வரும்.

தடித்த புஷ், ஸ்லீவ் செய்பவர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் வேண்டுமா என்றே யோசிக்க வேண்டும். நேரான குழாய் வடிவத்தை ரப்பர் பையில் வைத்து அழுத்தி, லேத்தில் கடைந்து சுடுவது மலிவு. மோல்டிங்தான் என்று முடிவு செய்தால் முதல் ரகம், அதுவும் உள்பக்கம் குடைந்து சுவரைச் சீராக்கிய டிராயிங்கோடு.

மூன்றாவது ரகம் ஒன்றிரண்டு மில்லிக்கு உட்பட்ட சுவர், கிராம் கணக்கில் எடை, நல்ல விலை கிடைக்கும் பீஸ், 1450 டிகிரி உலை என்ற நான்கும் சேர்ந்து வரும் பட்டறைக்குப் பொருந்தும். பல்லில் ஒட்டும் பிராக்கெட் மாதிரியான சரக்கு. நான்கில் ஒன்று குறைந்தாலும் இரண்டாவது ரகத்துக்கே திரும்பி வந்துவிடுங்கள். எதில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்கும் என் பதில் அதே இரண்டாவது ரகம்தான். 55 சதவீதம் ஏறும், அதிக அழுத்த மெஷினில் சிக்கலில்லாமல் ஓடும், ஆறு மில்லி வரை மெழுகு ஒழுங்காக வரும்.

சரி, எந்த ரகமானாலும் மூட்டைக்கு ஆர்டர் போடும் முன் ஐந்து கிலோ சாம்பிளும், அந்த லாட்டின் சர்ட்டிஃபிகேட்டும் கேளுங்கள். பழைய லாட்டின் தாளைக் காட்டினால் வேண்டாம். கண்ணாடித் தட்டில் 100 கிராம் காய்ந்த பவுடரை வைத்து, ஆளி விதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தகட்டுக் கரண்டியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வாருங்கள். உதிராமல் ஒரே உருண்டையாகத் திரளும் கணத்தில் எத்தனை மில்லி எண்ணெய் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் அலுமினாவின் கன அளவு 25 மில்லி. எண்ணெய் 16 மில்லி போயிருந்தால் உச்சவரம்பு 25ஐ 41ஆல் வகுத்தது, அதாவது 61 சதவீதம். அதிலிருந்து நாலைக் கழித்து 57இல் ஒரு கிலோ கலக்குங்கள். பவுடர் ஒரு கிலோவுக்கு பைண்டர் மொத்தம் 175 கிராம் வரும். தராசில் பத்து கிராம் தவறினாலும் ஏற்றம் ஒன்றரை சதவீதம் வரை நகரும், அதனால் காய்கறித் தராசு வேண்டாம். கையில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு எளிய டையில், பட்டை வடிவ பீஸ்களை ஊற்றி, மெழுகெடுத்து, சுட்டு, நீளம் அகலம் உயரம் மூன்றிலும் சுருக்கத்தை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். மூன்று திசையிலும் எண் ஒத்துப்போகிறது, அடுத்த லாட்டிலும் அதே எண் வருகிறது என்றால், அந்த எண்ணை டூல் ரூமுக்கு அனுப்பி டையை வெட்டச் சொல்லலாம்.